முனகாதவர்களைத் தேர்ந்தெடுத்த எவரிஸ்தோ

சார்ஜன்ட் எவரிஸ்தோ வெரோனை மகாபாவி என்பவர்களும் எங்கள் பாசோ கரந்தாவில் உண்டு, தங்கமான மனிதன் என்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் என் கடை வாசலில் உட்கார்ந்துதான் குழல் போட்டு மாத்தேக் கஷாயம் உறிஞ்சுகிறது. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வரும். எவரிஸ்தோ என் சித்தப்பா மகன். ஒரே ஓடத்தில் வளர்ந்தோம். அவன் என்ன செய்தான் என்று தெரியாமல் திட்டுகிறவனைக்கூட மன்னித்துவிடுவேன், தெரியாமல் புகழ்கிறவனைத்தான் கடையை விட்டுத் துரத்தலாம் போலிருக்கும்.

எங்கள் ஆண்களுக்குப் பிழைப்பு ஈபெரா சதுப்பில்தான். முதலையும் கார்பிஞ்சோவும் வேட்டையாடித் தோலை, அப்போது கடை நடத்திய என் அப்பாவிடம் கொண்டுவந்து போடுவார்கள். கார்பிஞ்சோ என்பது எலி ஜாதிதான், ஆனால் பன்றி அளவுக்கு வளரும். காலணியை நனைய விடுகிறவனை இங்கே கிறுக்கன் என்பார்கள். நனைந்த தோலுக்குள் கால் ஊறினால் புண்ணாகும், புண்ணானால் வேட்டை போச்சு. அதனால் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவோம். சாயங்காலம் கரையேறியதும் காலில் கார்பிஞ்சோக் கொழுப்பைத் தேய்த்து நெருப்பில் காட்டுவோம். காலையில் கால் புதுசாக இருக்கும். என் தாத்தா அறுபது வயதுக்கு மேலும் இப்படித்தான் நடந்தார்.

இன்னொரு பாடமும் உண்டு. வலிக்கிறது என்று எங்கள் ஊர்ப் பிள்ளை சொல்லக் கூடாது. பிரானா மீன் விரலைக் கவ்வினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சொன்னால் தொட்டாச்சிணுங்கி என்ற பேர் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். இதில் தாய்மார்கள் அப்பன்மார்களைவிட மோசம்.

எவரிஸ்தோவுக்கு வேட்டை பிடிக்கவில்லை. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். தினமும் மாட்டுக்கறி, வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ், வேறென்ன வேண்டும் என்பான். ஆனால் நகரத்துக்காரர்கள் அவனை விட்டு வைக்கவில்லை. பத்து வருஷமாகியும், கையில் பட்டை ஏறியும், முகாமில் அவன் பேர் கார்பிஞ்சோதான். "டேய் கார்பிஞ்சோ, தண்ணி வாசனை வருதுடா, தள்ளி நில்லு" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். லீவில் வரும்போது என்னிடம் மட்டும் சொல்வான், "ஒருநாள் இல்ல ஒருநாள் அவனுங்களுக்குத் தெரியும்டா, சதுப்புக்காரன்னா யாருன்னு." அந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

மால்வினாஸ் தீவுகளுக்காக இங்கிலீஷ்காரனோடு சண்டை வந்த வருஷம், ஏப்ரலில், முகாமுக்குப் புறப்பாட்டு உத்தரவு வந்தது. எங்கே என்று சொல்லவில்லை. தெற்கே, கடலோரம், குளிர் என்று மட்டும் பேச்சு. பனியில் பிறந்து பனியில் பயிற்சி எடுத்த படைகள் சிலி எல்லையில் காவல் நின்றன, அவற்றை அசைக்க மேலே உள்ளவர்களுக்கு மனமில்லை. ஆகவே மரவள்ளிக் கிழங்கும் கொசுவும் விளைகிற எங்கள் கொர்ரியந்தெஸ் மாகாணத்தின் பையன்களை அனுப்புவது என்று தலைநகரத்தில் யாரோ வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். அவர்களை நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.

ஆனால் இது அவர்கள் கதை இல்லை. எவரிஸ்தோவின் லெப்டினன்ட் ஒன்றும் கொடுமைக்காரனும் இல்லை. தலைநகரத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். எவரிஸ்தோவைக் கூப்பிட்டுச் சொன்னான்:

"வெரோன், போற இடத்துல ஈரமும் காத்தும் எலும்பத் துளைக்குமாம். நம்ம பையன்கள்ல பாதிப் பேர் இங்கயே காவலுக்கு நிக்கட்டும், பாதிப் பேர் என்கூட வரட்டும். தாக்குப் பிடிக்கிறவனாப் பாத்து நீயே எடு. தண்ணிய எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அதிகாரி அவனிடம் அப்படிப் பேசினான். எவரிஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் முகாமுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் பையன்களை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டான். நிற்கிறவன் தெற்கே வருவான், கரையேறுகிறவன் காவலுக்கு நிற்பான். இதுதான் அவன் வைத்த பரீட்சை. ஏப்ரல் மாதத்தில் எங்கள் குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது அந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

சூரியன் ஏறுவதற்குள் நகரத்துப் பையன்கள் ஒவ்வொருவராக அலற ஆரம்பித்தார்கள்.

"சார்ஜன்ட், அட்டை கடிக்குது சார்ஜன்ட்! கால் கடுக்குது!"

"கடுக்குதா? போ ராசா, வீட்டுக்குப் போ. உங்கம்மா வெந்நி வச்சு ஊத்துவா."

எங்கள் ஊர்ப் பையன்கள் அசையாமல் நின்றார்கள். எவரிஸ்தோவின் ஞானமகன் இசித்ரோவும் அதில் ஒருவன். நல்ல உயரம், தோள் கனம். அவன் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டான்:

"ஞானப்பா, சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு மீன் புடிச்சுப் போடட்டுமா? மத்தியானத்துக்கு ஆகும்."

கரையில் இருந்த லெப்டினன்ட்டே சிரித்துவிட்டான். "எங்கருந்து புடிச்ச இவனுங்கள?" என்று கேட்டான். "எங்க ஊரு சார்" என்றான் எவரிஸ்தோ. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவன் பத்து வருஷம் காத்திருந்தான்.

எங்கள் ஊரே பெருமையில் மிதந்தது. இசித்ரோவின் அம்மா எர்மினியா ஒரு கூடை சிப்பா சுட்டு எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்கு வந்துவிட்டாள். பாலாடைக்கட்டி போட்டு அவள் சுடும் சிப்பாவுக்கு ஊரில் ஈடு கிடையாது. பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு ஏந்தியவனும் பெற்றவளும் எங்களிடையே கொம்பாத்ரே, கொமாத்ரே. கூடப் பிறந்த உறவைவிடப் பெரியது அது. அவர்களுக்குள் குரல் உயர்த்துவதே பாவம்.

"கொம்பாத்ரே, நகரத்துப் பயலுகளெல்லாம் ஓடிட்டானுகளாமே, எம்புள்ள நின்னானாமே?"

"கல்லு மாதிரி நின்னான் கொமாத்ரே."

"நிப்பான். என் வளர்ப்பு. அஞ்சு வயசுல கையொடிஞ்சு வந்து நின்னான், ஒரு சத்தம் போடல." கூடையை அவன் கையில் கொடுத்தாள். ஒரு டப்பா கார்பிஞ்சோக் கொழுப்பையும் கொடுத்தாள். "காலுக்குத் தேய்க்கச் சொல்லு."

தீவில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு குன்றின் சரிவு. மண் கறுப்பாக, பஞ்சுபோல் இருக்கும், வெட்டி உலர்த்தினால் விறகுபோல் எரியும். பள்ளம் தோண்டினால் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறியது. காற்று நிற்பதே இல்லை. சாப்பாடு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பூட்ஸ்களோ அட்டையில் செய்ததுபோல் தண்ணீரைக் குடித்தன.

எவரிஸ்தோவுக்கு அது பழகிய காட்சியாகத் தெரிந்தது. தண்ணீர், புல், சேறு. உத்தரவு போட்டான்:

"பூட்ஸக் கழட்டுங்கடா. கழுத்துல மாட்டிக்கங்க. அதிகாரி வந்தா மட்டும் போட்டாப் போதும். தண்ணியில வெறுங்கால்தான், நம்ம ஊரு மாதிரி."

பையன்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர்கள் அப்பன்மார்கள் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே. அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு காவல் நின்றார்கள். முறை முடிந்ததும் அந்தக் கறுப்பு மண்ணை மூட்டி, கொழுப்பைத் தேய்த்து, காலை நெருப்பில் காட்டினார்கள். எங்கள் சதுப்பில் கால் சூடு தாங்காதபோது இழுத்துக்கொள்வோம். அங்கே கால் செத்துப்போயிருந்தது. சூடு தெரியவில்லை. தோல் வெந்ததும் தெரியவில்லை. "கால் தூங்குதுடா" என்று ஒருவனுக்கொருவன் சொல்லிச் சிரித்தார்களாம்.

பக்கத்துப் பள்ளங்களில் வேறு படைப்பிரிவு. ரொஸாரியோ பக்கத்து நகரத்துப் பையன்கள். அவர்கள் ராப்பகலாகப் புலம்பினார்கள். குளிருது, வலிக்குது, விரல் வீங்குது, அம்மா, ஐயோ. தொல்லை தாங்காமல் அவர்கள் சார்ஜன்ட் அவர்களை மருத்துவ முகாமுக்கு விரட்டுவான். அங்கே காலைத் துடைத்து, காய்ந்த காலுறை மாட்டி, இரண்டு நாள் படுக்க வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். லெப்டினன்ட் எவரிஸ்தோவிடம் சொல்வான், "அவனுங்களப் பாரு, உன் ஆளுங்களப் பாரு. ஒருத்தனாவது முனகுறானா?" எவரிஸ்தோவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் மட்டும் பூட்ஸோடு இருந்தான். சார்ஜன்ட் அல்லவா, ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதிகாரி முன்னால் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதனால்தான் அவன் கால் தப்பியது.

குன்றை விட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. "பூட்ஸ் மாட்டு" என்றான். ஒருவன் காலும் பூட்ஸுக்குள் நுழையவில்லை. கறுத்து, நீர் கோத்து, மரவள்ளிக் கிழங்கு ஊறிப்போனது போல் இருந்தன. இசித்ரோ எழுந்து நிற்கப் பார்த்தான், விழுந்தான், மறுபடி எழுந்து பார்த்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஞானப்பா. இப்பச் சரியாயிரும். நீங்க முன்னால போங்க."

எவரிஸ்தோ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு தவழ்ந்தார்கள். குண்டு விழ ஆரம்பித்தபோது ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். எங்கள் ஊர் மருத்துவச்சியின் மகன் தொரிபியோவுக்குக் கால் இருந்திருந்தால் அவனும் ஓடியிருப்பான். அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கப்பலில் டாக்டர் கேட்டாராம், "எப்பருந்துடா இப்படி?"

"இப்பத்தான் டாக்டர்" என்றான் இசித்ரோ.

"பூட்ஸக் கழட்டச் சொன்ன முட்டாள் யாரு?"

"யாரும் சொல்லல டாக்டர். நாங்களாத்தான்."

ஒருவனும் எவரிஸ்தோ பேரைச் சொல்லவில்லை. இசித்ரோவுக்கு இரண்டு காலையும் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அவன் திரும்பி வந்ததும் என் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு உயரமான நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எர்பா என்கிற மாத்தே இலையும் சர்க்கரையும் நிறுத்துப் போடுவான். இரக்கப்பட்டு வேலை கொடுத்ததாக நினைக்க வேண்டாம், தராசில் அவனைப்போல் நேர்மையானவன் எனக்குக் கிடைத்ததில்லை. எர்மினியா போகிற வருகிறவர்களிடமெல்லாம் குளத்துக் கதையைச் சொல்வாள். எல்லாரும் ஓடினார்கள், என் மகன் நின்றான், லெப்டினன்ட்டே பார்த்து அசந்துபோனான். அந்தக் கதை இல்லாவிட்டால் அவள் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு எப்படி உயிர் வாழ்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எவரிஸ்தோ ஒருநாள் வந்து எல்லாவற்றையும் என்னிடமும் இசித்ரோவிடமும் கொட்டினான். குளத்துப் பரீட்சை தப்பு, குளிரைத் தாங்குகிறவனை அது காட்டவில்லை, வாய் திறக்காதவனைத்தான் காட்டியது, கொமாத்ரேயிடம் சொல்லிக் காலில் விழப்போகிறேன் என்று அழுதான்.

"விழுந்துட்டு?" என்று கேட்டான் இசித்ரோ. "உங்க மனசு லேசாயிரும். அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? அவகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான் ஞானப்பா. அத எடுத்துறாதீங்க."

எவரிஸ்தோ வாயை மூடிக்கொண்டான். பட்டாளத்தை விடவும் இல்லை. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

சில வருஷம் போயிற்று. இசித்ரோவின் தம்பி நிக்காசியோ கட்டாயச் சேவைக்கு அதே முகாமில் சேர்ந்தான். ஆண்டெஸ் மலையின் தென்கோடியில் பனியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக் காவல் நிலையத்துக்கு ஆள் கேட்டு ஓலை வந்தது. குளிர்காலம் முழுக்க அங்கே இருக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மறுபடி எவரிஸ்தோவிடம் வந்தது, அனுபவஸ்தன் அல்லவா. நிக்காசியோ முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். எவரிஸ்தோ எல்லார் முன்னாலும் அவனைத் தகுதியில்லை என்று கழித்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எர்மினியா என் கடைக்குள் புயலாக நுழைந்தாள். எவரிஸ்தோ கவுண்டர் ஓரத்தில் நின்றிருந்தான். பின்னால் நிக்காசியோ, முகமெல்லாம் சிவந்து.

"கொம்பாத்ரே, எம்புள்ளைகிட்ட என்ன குறை கண்டீரு?"

"குறை ஒண்ணுமில்ல கொமாத்ரே."

"பின்ன? முகாம்ல இவன என்ன சொல்லிக் கூப்புடுறானுக தெரியுமா? தொட்டாச்சிணுங்கியாம். எம்புள்ளைய! அண்ணன நீரேதான பொறுக்கி எடுத்தீரு? இவனும் அதே வயித்துல பொறந்தவன்தான். நாளைக்கே போயி எழுதும், இவன் போவான்."

"போக மாட்டான்."

"ஏன்?"

எவரிஸ்தோ தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். சொன்னால் மூத்தவனைப் பற்றிய அவள் பெருமை போய்விடும், சொல்லாவிட்டால் இளையவனே போய்விடுவான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லும்! இல்லன்னா நான் நேரா லெப்டினன்ட்கிட்ட போறேன். ஏன் கழிச்சீரு?"

"நான் சொல்றேம்மா" என்றான் இசித்ரோ.

தராசுத் தட்டில் இருந்த எர்பாவைப் பைக்குள் கொட்டி, பையை ஓரமாக வைத்தான்.

"அங்க எனக்கு வலிச்சுதும்மா. மொத நாளே வலிச்சுது. விரல் வீங்குனப்போ வலிச்சுது. நெருப்புல காட்டுனப்போ வலிக்கலை, அப்பத்தான் பயந்துட்டேன். ஆனா சொல்லல. பக்கத்துப் பள்ளத்துல அழுதவனெல்லாம் இன்னிக்கு நடக்கிறான். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வலிக்குதுன்னு சொல்லியிருந்தா எனக்குக் காலு இருந்திருக்கும். இப்பவும் வலிக்குது. இல்லாத காலு தினம் வலிக்குது. உங்கிட்ட ஒருநாளாவது சொன்னேனா?"

எர்மினியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, நிக்காசியோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எவரிஸ்தோவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் சாகும் வரை அவனோடு பேசவும் இல்லை. குளத்துக் கதையையும் அவள் யாரிடமும் மறுபடி சொன்னதில்லை.

கழிக்கப்பட்டவனுக்குப் பதிலாக இன்னொருவன் போய்த்தானே ஆக வேண்டும். அரசாங்கத்துக்கு எண்ணிக்கை குறையக் கூடாது. எவரிஸ்தோ இந்தத் தடவை குளத்தில் யாரையும் இறக்கவில்லை. முகாமிலேயே அதிகம் முனகுகிறவன் யார் என்று பார்த்தான். நகரத்துத் தையல்காரியின் மகன் ஒருவன், சூப் ஆறிப்போச்சு என்பான், பூட்ஸ் கடிக்குது என்பான், கொசு கடித்தால் மருத்துவரிடம் ஓடுவான். அவனை எழுதினான். இவனாவது சரியான நேரத்தில் கத்துவான் என்பது அவன் கணக்கு. அது நல்ல கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

லாரி புறப்பட்ட அன்று நான் சரக்கெடுக்க நகரத்துக்குப் போயிருந்தேன். முகாம் வாசலில் எவரிஸ்தோவோடு நின்றேன். அந்தப் பையன் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தான். முகத்தில் பெருமை வழிந்தது. அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எவரிஸ்தோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எம்மவன ஒரு ஆளா மதிச்சு எடுத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றான் எவரிஸ்தோ. "உங்க பையன் எதுக்கெடுத்தாலும் முனகுவான்..."

"தெரியும் ஐயா, தெரியும்" என்று அவள் அவசரமாக இடைமறித்தாள். லாரி நகர ஆரம்பித்துவிட்டது. அவள் மகனைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே சொன்னாள், "அதுக்குத்தான் நேத்து இத்தாத்தி மாதா முன்னால நிக்க வச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். அங்க என்ன ஆனாலும் வாயே தெறக்க மாட்டான் ஐயா."